சர்வர் மாறிவிட்டது, பழைய அப்ளிகேஷனுக்கு அது தெரியாதே!

வாசகர் கேள்வி: பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த சன் டைரக்டரி சர்வரை (ஊழியர் கணக்குகளை வைத்திருக்கும் சர்வர்) போன மாதம் ஓபன்எல்டாப் 2.6-க்கு மாற்றினோம். மெயில், வைஃபை, லினக்ஸ் மெஷின்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. இரண்டு பழைய அப்ளிகேஷன்கள்தான் படுத்துகின்றன. ஒன்று, லீவு போடவும் சம்பளச் சீட்டு பார்க்கவும் உள்ள ஜாவா போர்ட்டல். யார் சரியான பாஸ்வேர்டு போட்டாலும் 'பயனர் இல்லை' என்கிறது, சர்வர் லாகில் எரர் எதுவும் இல்லை. இன்னொன்று, கேட்டில் அடையாள அட்டை போடும் அப்ளிகேஷன். புது ஊழியரைச் சேர்த்தால் எரர் 65 வருகிறது. அதன் ஸ்கீமாவை (எந்தத் தகவலை எப்படி வைக்கலாம் என்ற வரையறையை) மட்டும் பழைய சர்வரிலிருந்து காப்பி செய்து போட்டோம்; '-ஓஐடி' என்று முடிந்த ஐடியை சர்வர் ஏற்காததால் நாங்களே ஒரு எண் போட்டோம். இரண்டு அப்ளிகேஷனுக்கும் சோர்ஸ் கோடு இல்லை, எழுதிக் கொடுத்தவர்கள் இப்போது தொழிலிலேயே இல்லை. டேட்டா ஏற்றும்போது சர்வர் மறுத்த ஆட்ரிப்யூட்டுகளையும் (தகவல் கட்டங்கள்) கிளாஸ்களையும் (ஒரு பதிவில் எந்தக் கட்டங்கள் வரலாம் என்று சொல்பவை) ஸ்கிரிப்ட் வைத்து நீக்கிவிட்டு ஏற்றினோம். எல்லா என்ட்ரியிலும், அதாவது ஒவ்வொரு பதிவிலும், 'எக்ஸ்டென்சிபிள்ஆப்ஜெக்ட்' என்ற கிளாஸைப் போடு என்கிறார் ஒரு நண்பர். 'ஐநெட்ஆர்க்பெர்சன்' (ஆள் விவரங்களுக்கான பொது கிளாஸ்) ஸ்கீமா ஃபைலையே திருத்து என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது? பழைய சர்வரை இன்னும் அணைக்கவில்லை.

பதில்:

வணக்கம். பழைய சர்வரை இன்னும் அணைக்கவில்லை என்ற கடைசி வரியைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. இந்த வேலை முழுக்க முடிந்து, ஒரு சம்பள மாதமும் தாண்டும் வரைக்கும் தயவுசெய்து அதை அணைக்காதீர்கள். மறுத்ததையெல்லாம் ஸ்கிரிப்ட் வைத்து நீக்கிவிட்டு ஏற்றினோம் என்ற வரிதான் பயத்தைக் கொடுத்தது. ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன், அந்த இடத்தை மட்டும் அவசரமாகத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

நண்பர்கள் சொன்ன இரண்டையும் முதலில் பார்த்துவிடலாம். 'எக்ஸ்டென்சிபிள்ஆப்ஜெக்ட்' போட்டால் எதை வேண்டுமானாலும் உள்ளே வைக்கலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆர்எஃப்சி 4512 என்ற இணையத் தரநிலை ஆவணம் சொல்வது வேறு: ஸ்கீமாவில் ஏற்கெனவே வரையறுத்த எந்த ஆட்ரிப்யூட்டையும் அந்த என்ட்ரியில் வைக்கலாம், அவ்வளவுதான். சர்வருக்குப் பெயரே தெரியாத ஆட்ரிப்யூட், அந்த கிளாஸைச் சேர்த்த பிறகும் பெயர் தெரியாததாகவேதான் இருக்கும். ஆக, உங்கள் லாகின் பிரச்சினை தீராது, எரர் 65-ம் தீராது (காரணம் வருகிறது), ஆனால் ஆள் என்ட்ரியில் எதையும் போடலாம் என்று கதவு மட்டும் திறந்து கிடக்கும். வேண்டாம்.

இரண்டாவது யோசனை அதைவிட ஆபத்து. 2.6-ல் கான்ஃபிக் டேட்டாபேஸ் முறையில் (சர்வர் தன் அமைப்புகளை ஒரு டேட்டாபேஸாகவே வைத்துக்கொள்ளும் முறை) நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தால், டிஸ்க்கில் இருக்கும் அந்த ஸ்கீமா ஃபைலைத் திருத்துவதால் ஒன்றும் நடக்காது, ஓடுகிற சர்வர் அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. கான்ஃபிக் வழியாகவே போய் 'ஐநெட்ஆர்க்பெர்சன்' வரையறையை மாற்றினீர்கள் என்றால் அது நடக்கும், அதுதான் பயம். அந்த கிளாஸ் 2000-ல் ஆர்எஃப்சி 2798 ஆக வந்தது, அதன் அடையாள எண் 2.16.840.1.113730.3.2.2 என்றால் உலகம் முழுக்க ஒரே பொருள். உங்கள் சர்வரில் மட்டும் வேறு பொருள் இருந்தால், அடுத்து யாராவது ஒரு ரெப்ளிகாவை (சர்வரின் நகலை) பேக்கேஜிலிருந்து புதிதாகப் போட்டு இணைக்கும் நாளில் அது உடையும், அதுவும் நீங்கள் லீவில் இருக்கும் நாளாகப் பார்த்து. பொதுவானதைத் தொடாமல், உங்கள் பழைய அப்ளிகேஷன்கள் கேட்பதை மட்டும் ஒரு தனி ஸ்கீமாவாக எழுதிச் சேர்ப்பதுதான் நான் சொல்லும் வழி. அது பெரிய வேலையும் இல்லை, உங்கள் விஷயத்தில் ஒரு பக்கம்கூட வராது என்று நினைக்கிறேன்.

சரி, என்ன கேட்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சோர்ஸ் கோடு இல்லை என்று கவலைப்படாதீர்கள், சர்வர் லாகே போதும். லாக் லெவலை 'ஸ்டாட்ஸ்' என்று வையுங்கள், எண்ணில் சொன்னால் 256. போர்ட்டலில் ஒரே ஒரு தடவை லாகின் செய்துவிட்டு, அது அனுப்பிய சர்ச் வரியைப் பாருங்கள். ஃபில்டரில், அதாவது தேடும் நிபந்தனையில், ஒரு ஆட்ரிப்யூட் பெயருக்கு முன்னால் கேள்விக்குறி வந்து உட்கார்ந்திருக்கும், சில சமயம் பெயரே இல்லாமல் கேள்விக்குறியும் 'அன்டிஃபைண்ட்' என்ற சொல்லும் மட்டும் இருக்கும். அந்தக் கேள்விக்குறியை நீங்கள் தட்டச்சுப் பிழை என்று தாண்டிப் போயிருப்பீர்கள். 'இந்தப் பெயர் எனக்குத் தெரியாது' என்று சர்வர் சொல்வது அந்த ஒரு எழுத்தில்தான். அதற்கடுத்த வரியில் எரர் 0, கிடைத்த என்ட்ரி 0 என்று இருக்கும். தேடலில் தெரியாத பெயர் வந்தால் எல்டாப் (டைரக்டரி சர்வரோடு பேசும் நெறிமுறை) விதிப்படி அது பிழையே இல்லை, ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான் பதில். அதனால்தான் நீங்கள் எரர் தேடித் தேடி எதுவும் அகப்படவில்லை.

சன் சர்வரோடு வாழ்ந்த போர்ட்டல் என்பதால் அந்த ஃபில்டர் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்: யுஐடி (பயனர் பெயர்) இது, அதோடு (!(ஐநெட்யூசர்ஸ்டேட்டஸ்=இன்ஆக்டிவ்)). அதாவது இந்தப் பெயருள்ள ஆளைக் கொடு, ஆனால் முடக்கப்பட்ட ஆளாக இருந்தால் வேண்டாம். உங்கள் லாகில் பெயர் வேறாக இருக்கலாம், அமைப்பு இதுவாகத்தான் இருக்கும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எல்டாப் ஃபில்டருக்கு உண்மை, பொய் என்று இரண்டு விடை மட்டும் கிடையாது, மூன்றாவதாக 'தீர்மானிக்க முடியாதது' என்று ஒன்று உண்டு, ஆர்எஃப்சி 4511-லேயே இருக்கிறது. பெயர் தெரியாத ஆட்ரிப்யூட்டைக் கேட்டால் விடை அந்த மூன்றாவது. அதற்கு முன்னால் 'இல்லை' என்று ஆச்சரியக்குறி போட்டால் உண்மையாக மாறிவிடும் என்று நாம் நினைப்போம், மாறாது, தீர்மானிக்க முடியாததன் எதிர்ப்பதமும் தீர்மானிக்க முடியாததுதான். அதனால் அந்த நிபந்தனையை ஊழியர் ஒருவர்கூட தாண்ட முடியவில்லை, மேலாளர் முதல் கடைநிலை ஊழியர் வரை எல்லோரும் 'பயனர் இல்லை' ஆகிவிட்டார்கள்.

இப்போது அந்த ஆட்ரிப்யூட்டை ஸ்கீமாவில் வெறுமனே வரையறுத்துவிட்டால் போதும், ஒரு என்ட்ரியிலும் அதற்கு மதிப்பு இல்லாவிட்டாலும் லாகின் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். பெயர் தெரியும், என்ட்ரியில் இல்லை என்றால் விடை 'பொய்', அதன் எதிர்ப்பதம் 'உண்மை', ஆள் உள்ளே வந்துவிடுவார்.

நான் பயந்தது இந்த இடத்துக்குத்தான். வேலையை விட்டுப் போனவர்கள், சஸ்பெண்ட் ஆனவர்கள் எல்லோருக்கும் பழைய சர்வரில் 'இன்ஆக்டிவ்' என்று ஒரு முத்திரை இருந்திருக்கும். உங்கள் ஸ்கிரிப்ட் தெரியாத ஆட்ரிப்யூட் என்று அதையும் சேர்த்து வழித்துப் போட்டுவிட்டது. பெயரை மட்டும் வரையறுத்துவிட்டு 'லாகின் ஆகிறது, அப்பாடா' என்று நீங்கள் போர்ட்டலைத் திறந்தால், போன வருடம் வெளியேறியவரும் பழைய பாஸ்வேர்டோடு உள்ளே வந்து சம்பளச் சீட்டு பார்ப்பார். இப்போது எல்லோருக்கும் பூட்டியிருப்பது தொல்லைதான், இருந்தாலும் தவறாகத் திறப்பதைவிட அது எவ்வளவோ தேவலை. அதனால் வரிசை முக்கியம். முதலில் வரையறை. அடுத்து, பழைய சர்வரில் 'இன்ஆக்டிவ்', 'டெலிட்டட்' என்று இருப்பவர்களின் பட்டியலை எடுத்து, புதிய சர்வரில் அந்தந்த என்ட்ரிக்கு அந்த ஆட்ரிப்யூட்டை வைக்க அனுமதிக்கும் துணை கிளாஸையும் மதிப்பையும் ஒரே மாடிஃபையில் சேர்க்க வேண்டும். இரண்டு சர்வரிலும் அந்த எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முடக்கப்பட்ட ஒரு கணக்கை வைத்து நீங்களே லாகின் செய்து பார்த்து, அது மறுக்கப்பட்ட பிறகுதான் ஊழியர்களுக்குத் திறக்க வேண்டும். அதுவரை போர்ட்டலுக்குப் போகும் வழியை ஃபயர்வாலில் உங்கள் மெஷினுக்கு மட்டும் விட்டுவைத்தால் நிம்மதி.

வரையறையை எங்கிருந்து எடுப்பது? பழைய சர்வர் தன் ஸ்கீமா முழுவதையும் எல்டாப் வழியாகவே காட்டும், அதிலிருந்து அந்த ஒரு வரியை எடுக்கலாம். நெட்ஸ்கேப் காலத்திலிருந்து வரும் பெயர்களில் பலவற்றுக்கு 2.16.840.1.113730 என்று தொடங்கும் முறையான எண் இருக்கும், இருந்தால் அதை மாற்றாமல் அப்படியே வையுங்கள். துணை கிளாஸ் குறிப்பிடும் மற்ற ஆட்ரிப்யூட்டுகளையும் சேர்த்து எடுங்கள், ஒன்று விட்டுப்போனாலும் ஓபன்எல்டாப் கிளாஸையே ஏற்காது.

ஆனால் அப்படியே காப்பி செய்து ஒட்டினால் இன்னொரு குழியில் விழுவீர்கள். நான் விழுந்திருக்கிறேன், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்கு இதே வேலையைச் செய்தேன், வரையறை ஏறிவிட்டது, சர்வர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் லாகின் மட்டும் அதே பழைய நிலை. பாதி ராத்திரி வரை நெட்வொர்க், பாஸ்வேர்டு, சர்ட்டிஃபிகேட் என்று எங்கெங்கோ தேடிவிட்டு மறுபடி லாகைப் பார்த்தால், கேள்விக்குறி அங்கேயேதான் இருந்தது. பெயர் தெரிந்த பிறகும் ஏன் கேள்விக்குறி? நெட்ஸ்கேப் வழி வந்த சர்வர்களில் ஆட்ரிப்யூட் வரையறையில் 'ஈக்வாலிட்டி' என்ற பகுதியை எழுதாமலே விட்டுவிடும் பழக்கம் உண்டு. சின்டாக்ஸை (மதிப்பு எந்த வகை என்பதை) பார்த்து அந்த சர்வரே எப்படி ஒப்பிடுவது என்று முடிவு செய்துகொள்ளும். ஓபன்எல்டாப் அப்படி எதையும் தானாக எடுத்துக்கொள்ளாது. ஒப்பிடும் விதியை நீங்கள் எழுதாவிட்டால், அந்த ஆட்ரிப்யூட்டின் மதிப்பை ஒப்பிடும் ஒவ்வொரு தேடலும் 'தீர்மானிக்க முடியாதது'தான். ஆகவே வரிக்கு வரி பாருங்கள். சின்டாக்ஸ் எண் 1.3.6.1.4.1.1466.115.121.1.15 என்று முடிந்தால் அது டைரக்டரி ஸ்ட்ரிங், 'கேஸ்இக்னோர்மேட்ச்' சேருங்கள். 26 என்று முடிந்தால் ஐஏ5 ஸ்ட்ரிங், பழைய சர்வர் அதைச் சின்ன எழுத்து பெரிய எழுத்து வித்தியாசம் பார்த்து ஒப்பிட்டது, எனவே 'கேஸ்எக்ஸாக்ட்ஐஏ5மேட்ச்'. 12 என்று முடிந்தால் டிஎன் (ஒரு என்ட்ரியின் முழுப் பெயர்), அதற்குரியது 'டிஸ்டிங்விஷ்டுநேம்மேட்ச்'. பெயரின் ஒரு பகுதியை மட்டும் போட்டு நட்சத்திரக் குறியோடு தேடும் திரை போர்ட்டலில் இருந்தால் 'சப்ஸ்ட்ரிங்' விதியும் வேண்டும், அது இல்லாவிட்டால் லாகின் ஆகும், தேடல் திரை மட்டும் காலியாக வரும்.

கேள்விக்குறி போய்விட்டது, ஆனாலும் 0 என்ட்ரிதான் வருகிறது என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது அனுமதி. போர்ட்டல் எந்தக் கணக்கில் சர்வரோடு பைண்ட் (லாகின்) செய்கிறதோ, அந்தக் கணக்குக்கு இந்தப் புது ஆட்ரிப்யூட்டில் தேடும் உரிமை இருக்கிறதா என்று உங்கள் ஆக்சஸ் விதிகளில் பாருங்கள். உரிமை இல்லாத ஆட்ரிப்யூட்டை ஃபில்டரில் கேட்டாலும் இதே கதைதான் நடக்கும்.

கேட் அப்ளிகேஷனுக்கு வருவோம். எரர் 65-க்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் இருக்கும், 'இன்வாலிட் ஸ்ட்ரக்சுரல் ஆப்ஜெக்ட் கிளாஸ் செயின்' என்று, அதற்குப் பிறகு அடைப்புக்குறிக்குள் இரண்டு கிளாஸ் பெயர். ஒன்று 'ஐநெட்ஆர்க்பெர்சன்', இன்னொன்று அந்த அப்ளிகேஷனின் சொந்த கிளாஸ், சரியா? ஒரு என்ட்ரிக்கு ஸ்ட்ரக்சுரல் கிளாஸ், அதாவது அது அடிப்படையில் என்ன என்று சொல்லும் கிளாஸ், ஒரே வழியில்தான் இருக்க வேண்டும். ஒரு ஆள் மனிதராகவும் இருக்க வேண்டும், தனியாக ஒரு கார்டாகவும் இருக்க வேண்டும் என்று சொன்னால் ஓபன்எல்டாப் ஒப்புக்கொள்ளாது. பழைய சன் சர்வர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்த அப்ளிகேஷனை எழுதியவர் கிளாஸ் எந்த வகை என்றே வரையறையில் குறிப்பிடாமல் விட்டிருப்பார், குறிப்பிடாவிட்டால் அது ஸ்ட்ரக்சுரல் என்றுதான் விதி. நீங்கள் அதை அப்படியே காப்பி செய்தீர்கள். எக்ஸ்டென்சிபிள்ஆப்ஜெக்ட் இதற்கு ஏன் உதவாது என்பது இப்போது தெரிந்திருக்கும், இங்கே பிரச்சினை கிளாஸின் வகைதான், ஆட்ரிப்யூட் இல்லை.

இதற்கு மருந்து சின்னது: அதே பெயர், அதே ஆட்ரிப்யூட்டுகள், வகை மட்டும் 'ஆக்ஸிலரி', அதாவது துணை கிளாஸ். அப்ளிகேஷன் அனுப்புவது கிளாஸின் பெயரைத்தான், அது எந்த வகை என்று அதற்குத் தெரியவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. உங்கள் ஸ்கிரிப்ட் எல்லா என்ட்ரியிலிருந்தும் அந்த கிளாஸை நீக்கிவிட்டதால், இன்றைக்கு அதைப் பயன்படுத்தும் என்ட்ரி ஒன்றுகூட இல்லை, அதனால் இதை மாற்ற இதுவே நல்ல நேரம். சர்வரை நிறுத்தி, 'ஸ்லாப்கேட்' கொண்டு 0-வது டேட்டாபேஸை, அதாவது கான்ஃபிக்கை, ஒரு ஃபைலாக வெளியே எடுத்து, ஒரு பிரதியை பத்திரமாக வைத்துவிட்டு, மற்றதில் திருத்தி, காலி டைரக்டரியில் 'ஸ்லாப்ஆட்' மூலம் மறுபடி ஏற்றிவிடுங்கள். திருத்தும்போது நீண்ட வரிகள் உடைந்திருக்கும், தொடரும் வரியின் தொடக்கத்தில் ஒரு ஸ்பேஸ் இருக்க வேண்டும், எடிட்டர் அதை விழுங்கிவிட்டால் சர்வர் எழுந்திருக்காது.

கிளாஸைத் திருத்தும்போதே கார்டு எண்ணையும் பாருங்கள். உங்கள் கேட்டில் அட்டையில் 00417 என்பதுபோல் முன்னால் பூஜ்யம் போட்டு அச்சடிக்கிறார்களா? அநேகமாக அப்படித்தான் இருக்கும். பழைய வரையறையில் அந்த ஆட்ரிப்யூட்டின் சின்டாக்ஸ் 27, அதாவது இன்டிஜர், என்று இருந்தால் 00417 ஏறாது, எரர் 21 வரும். இன்டிஜர் சின்டாக்ஸில் முன்னால் வெற்றுப் பூஜ்யம் போடக்கூடாது என்று ஆர்எஃப்சி 4517 சொல்கிறது, பழைய சர்வர் அதைச் சரிபார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டது. யாராவது 'பூஜ்யத்தை எடுத்துவிட்டு ஏற்று' என்று யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கேட்டில் இருக்கும் ரீடர் 00417 என்றுதான் அனுப்பும், சர்வரில் 417 இருந்தால் காலை ஷிப்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்டில் வரிசையாக நிற்பார்கள். சின்டாக்ஸை டைரக்டரி ஸ்ட்ரிங் என்று மாற்றுங்கள். அட்டை எண்ணை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, அது எண் போலத் தெரியும் ஒரு பெயர்தான்.

பழைய அப்ளிகேஷன்கள் செய்யும் இன்னொரு வேலை, காலியாக விட்ட கட்டத்துக்கும் காலி மதிப்பை அனுப்புவது. டைரக்டரி ஸ்ட்ரிங்குக்குக் குறைந்தது ஒரு எழுத்தாவது வேண்டும், அதனால் அதுவும் எரர் 21-தான். அது அப்ளிகேஷனின் சொந்த ஆட்ரிப்யூட்டாகவும், அதில் வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் வரும் என்றும் இருந்தால் ஐஏ5 ஸ்ட்ரிங் என்று வரையறுக்கலாம், அது காலியை ஏற்கும். தமிழ்ப் பெயர் வரும் இடத்தில் இதைச் செய்யக்கூடாது, ஐஏ5 அதைத் தாங்காது. டெலிஃபோன் நம்பர் போன்ற பொது ஆட்ரிப்யூட்டில் இப்படிக் காலி வந்தால் ஸ்கீமாவில் கை வைக்காதீர்கள், அப்ளிகேஷனோடு வந்த ப்ராபர்ட்டீஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். சோர்ஸ் கோடு இல்லாவிட்டாலும் அந்த ஃபைல் கண்டிப்பாக எங்காவது இருக்கும், எந்தக் கட்டம் எந்த ஆட்ரிப்யூட் என்று அதில் எழுதியிருப்பார்கள். அங்கே ஒரு வரியை மாற்றி உங்கள் சொந்த ஆட்ரிப்யூட்டுக்குத் திருப்பிவிட முடிந்தால், அதைவிடச் சுலபமான வழி இல்லை. உண்மையில் இரண்டு அப்ளிகேஷனிலும் ஸ்கீமாவைத் தொடுவதற்கு முன்னால் இந்த ஃபைலைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பெயர் விஷயத்தில் இன்னும் ஒன்று. ஒரு ஆட்ரிப்யூட்டுக்கு இரண்டு பெயர் கொடுக்கலாம், பழைய பெயரில் தேடினாலும் கிடைக்கும். ஆனால் பதிலில் ஓபன்எல்டாப் திருப்பிக் கொடுப்பது முதலில் எழுதிய பெயரை மட்டும்தான். ஜாவா அப்ளிகேஷன் தான் கேட்ட பெயரிலேயே பதிலைத் தேடும், கிடைக்காது, திரையில் அந்த இடம் காலியாக இருக்கும். உங்கள் சொந்த ஆட்ரிப்யூட் என்றால் அப்ளிகேஷன் எதிர்பார்க்கும் பெயரை முதலில் எழுதுங்கள். பொது ஆட்ரிப்யூட்டுக்குப் பழைய பெயர்தான் வேண்டும் என்று அப்ளிகேஷன் அடம்பிடித்தால், 'ரிலே' பேக்எண்டும் 'ஆர்டபிள்யூஎம்' ஓவர்லேயும் (இரண்டும் ஓபன்எல்டாப்பின் கூடுதல் பகுதிகள்) சேர்த்து, அந்த ஒரு அப்ளிகேஷனுக்கு மட்டும் பெயர் மாற்றிக் காட்டும் தனிக் கிளை ஒன்றைப் போடலாம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை என்று தோன்றுகிறது.

நீங்களே போட்ட எண்ணைப் பற்றி. அதை இன்றே மாற்ற வேண்டும் என்பேன், ஏனென்றால் அது யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது. பழைய சர்வர், பெயரோடு '-ஓஐடி' ஒட்டினால் போதும் என்று விட்டது, அது அந்தக் குடும்பத்துக்குள் மட்டும் செல்லும் வழக்கம். ஐஏஎன்ஏ என்ற அமைப்பு நிறுவனங்களுக்குச் சொந்தமாக ஒரு எண் கொடுக்கிறது, வலைத்தளத்தில் படிவம் நிரப்பினால் போதும், காசு கிடையாது. 1.3.6.1.4.1 என்பதற்குப் பின்னால் உங்கள் எண் வரும், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் உங்கள் இஷ்டம். நான் வழக்கமாக 1-க்குக் கீழே ஆட்ரிப்யூட்டுகள், 2-க்குக் கீழே கிளாஸ்கள் என்று பிரித்து, ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எந்த எண் எதற்கு, எந்த அப்ளிகேஷனுக்காக, என்றைக்கு என்று எழுதி வைப்பேன். ஒருமுறை கொடுத்த எண்ணை இன்னொன்றுக்குத் திரும்பக் கொடுக்கவே கூடாது.

நீக்கியவற்றில் எதைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 'ஏசிஐ' என்று இருப்பதெல்லாம் பழைய சர்வரின் அனுமதி விதிகள், புதிய சர்வர் அவற்றைப் படிக்காது, ஸ்கீமாவில் பெயர் சேர்த்து ஏற்றினாலும் வெறும் எழுத்தாக உட்கார்ந்திருக்கும், பார்ப்பவர் ஏதோ பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பிவிடுவார். அவை நீங்கியதே நல்லது. 'என்எஸ்ரோல்' (ஒருவரின் பொறுப்பைச் சொல்லும் ஆட்ரிப்யூட்) மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. போர்ட்டலில் லீவை ஒப்புதல் செய்யும் மேலாளர் யார் என்பதை அது பார்த்துக்கொண்டிருந்தால், லாகின் சரியான பிறகும் மேலாளர்களுக்கு அந்த பட்டன் வராது. என்எஸ்ரோலை பழைய சர்வர் எங்கும் சேமித்து வைக்கவில்லை, கேட்கும்போதெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்தது. நீங்கள் ஸ்கீமாவில் சேர்த்தால் பெயர் கிடைக்கும், கணக்குப் போடும் வேலை கிடைக்காது. இதற்கும் முதலில் ப்ராபர்ட்டீஸ் ஃபைலைப் பாருங்கள், அதை 'மெம்பர்ஆஃப்' என்று மாற்ற முடிந்தால் குரூப்புகளை வைத்து 'டைன்லிஸ்ட்' ஓவர்லே அதைத் தானாகக் கொடுக்கும். மாற்ற முடியாவிட்டால் அந்தப் பெயரில் ஒரு சாதாரண ஆட்ரிப்யூட்டை வைத்து, குரூப்பைப் பார்த்து ஒவ்வொரு இரவும் நிரப்பும் சின்ன ஸ்கிரிப்ட் எழுத வேண்டியதுதான். பதவி மாறியவருக்கு ஒரு நாள் தாமதமாகும், அதை மனிதவளத் துறையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் காலி குரூப்புகள். ஆள் இல்லாத குரூப்பை சன் சர்வர் அனுமதித்தது, ஓபன்எல்டாப்பில் 'குரூப்ஆஃப்நேம்ஸ்', 'குரூப்ஆஃப்யுனீக்நேம்ஸ்' இரண்டிலும் ஒரு உறுப்பினராவது இருந்தே ஆக வேண்டும். உங்கள் ஸ்கிரிப்ட் அவற்றை என்ன செய்தது என்று பாருங்கள். வழக்கமாக யாருமில்லாத ஒரு டிஎன்-ஐ உறுப்பினராக வைத்துச் சமாளிப்போம், ஆனால் அது எந்தத் திரையிலாவது ஆள் மாதிரித் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் முதலில் ஒரு டெஸ்ட் சர்வரில் செய்யுங்கள். பழைய சர்வரிலிருந்து முழு டேட்டாவையும் மறுபடி எடுத்து, இந்த முறை எதையும் நீக்காமல், புது ஸ்கீமாவோடு 'ஸ்லாப்ஆட்'டை ட்ரை ரன்னாக, பிழை வந்தாலும் நிற்காமல் தொடரும்படி ஓட்டிப் பாருங்கள். எந்தெந்த என்ட்ரி எதனால் மறுக்கப்படுகிறது என்ற பட்டியல் கையில் வந்துவிடும், அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் 'வேண்டும்', 'வேண்டாம்' என்று நீங்கள் எழுதினால் பாதி வேலை முடிந்தது. ஸ்கீமா சோதனையையே நிறுத்திவிட்டு ஏற்றும் ஆப்ஷன் ஒன்றும் ஸ்லாப்ஆட்டில் இருக்கிறது, அவசரத்தில் அதன் பக்கம் போகாதீர்கள். டேட்டா ஏறிவிடும், எல்லோரும் கிளம்பி வீட்டுக்குப் போய்விடலாம், ஆனால் பிறகு அந்த என்ட்ரியில் யாராவது பாஸ்வேர்டு மாற்றினால்கூட எரர் 65 வரும், அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

லைவுக்குக் கொண்டுபோகும்போது, ரெப்ளிகாக்கள் இருந்தால் ஸ்கீமாவை முதலில் எல்லா ரெப்ளிகாவிலும் போட்டுவிட்டு, பிறகுதான் புது டேட்டாவை ஏற்ற வேண்டும். கான்ஃபிக்கையும் ரெப்ளிகேட் செய்யும்படி நீங்கள் தனியாக அமைத்திருந்தால் தவிர, ஸ்கீமா தானாக அங்கே போய்ச் சேராது.

இதையெல்லாம் செய்து, போர்ட்டலில் ஒரு நடப்பு ஊழியர் உள்ளே வருகிறார், முடக்கப்பட்டவர் வரவில்லை, கேட்டில் ஒரு புது அட்டை முன்னால் பூஜ்யத்தோடு பதிவாகிறது என்ற மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். லாகில் அந்தக் கேள்விக்குறி அப்போதும் போகாமல் இருந்தால், ஆட்களின் பெயரை மறைத்துவிட்டு அந்த சர்ச் வரியையும், அந்த ஆட்ரிப்யூட்டுக்கு நீங்கள் எழுதிய வரையறையையும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.